ஒயருக்குக் குடை

காலையிலிருந்து மழை. அபார்ட்மெண்டில் தனியார் இன்டர்நெட் மொத்தமாகப் படுத்துவிட்டது. அரசு ஃபைபர் இருக்கும் என் கீழ்த்தள வீட்டில் மட்டும் நெட் ஓடுகிறது. "கவர்மெண்ட் லைன் ஸ்லோம்மா, லாபிக்குள்ள விடமாட்டேன்" என்று அசோசியேஷன் செயலர் கிளெமென்ட் அங்கிள் அடம்பிடித்ததால், வெளிச்சுவரைச் சுற்றிச் சமையலறை ஜன்னல் வழியாக நான் இழுத்த லைன் இது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. இப்போது அவர் மகள் நிக்கோல், என் அரிசி டிரம்மின் மேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, முதல் வேலைக்கான இன்டர்வியூவில் இருக்கிறாள். ஜன்னலுக்கு வெளியே அங்கிள் தொப்பலாக நனைந்தபடி ஒயருக்குக் குடை பிடிக்கிறார். "அங்கிள், அது கண்ணாடி இழை. நனைஞ்சா ஒண்ணும் ஆகாது." "சும்மா இரும்மா! கட்டாச்சுன்னா?" "சரி, நல்லா நனைங்க." உள்ளே லேப்டாப் கேட்கிறது: "எப்போ ஜாயின் பண்றீங்க?" அங்கிள் துள்ளிய துள்ளலில் குடை காற்றோடு பறந்து காம்பவுண்டைத் தாண்டுகிறது. கொட்டும் மழையில், ஒரு சொல்கூட விடுபடாமல், நிக்கோலின் பதில் போய்ச் சேருகிறது.