ஐந்து மில்லிமீட்டர்

வயிற்றில் பிதுக்கிய ஜெல் ஐஸாகக் குளிர்ந்ததும் நூலகருக்கு உடம்பு ஒருமுறை தூக்கிப் போட்டது.

"மூச்ச இழுத்துப் பிடிடா," என்றான் ஸ்கேன் எடுக்கும் நண்பன். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்ச். அதனால் ஐம்பத்திரண்டு வயதிலும் 'டா'தான்.

நூலகர் பிடித்தார். தொப்பையும் கூடவே உள்ளே போகும் என்று எதிர்பார்த்தார். அது போகவில்லை.

இந்த இரண்டாவது ஸ்கேனுக்கு வராமல் ஏற்கனவே இரண்டு தடவை ஏதேதோ சாக்குச் சொல்லித் தப்பித்தவர். இந்தத் தடவை மனைவியே போன் போட்டு நேரம் வாங்கிவிட்டதால் மாட்டிக்கொண்டார்.

நண்பன் கருவியை இடது விலாவுக்குக் கீழே வைத்துத் தேய்த்தான். திரை அவன் பக்கம் திரும்பியிருந்தது. நூலகருக்குத் தெரிந்தது அவன் முகம் மட்டும்தான்.

சிறுநீரகத்தில் கல் இன்னும் இருந்தால் மாடிப்படியில் குதிப்பது தொடரும். இல்லையென்றால் இன்றோடு சரி.

ஆறு வாரத்துக்கு முன்னால் முதல் வலி வந்தது படிப்பறையில். முப்பது வருஷமாக 'அமைதி' என்ற பலகைக்குக் கீழே உட்கார்ந்து ஊரையே அடக்கிக்கொண்டிருந்தவர், அதே பலகைக்குக் கீழே தரையில் உருண்டு அலறினார். பிறகுதான் தெரிந்தது, கல் ஐந்து மில்லிமீட்டர். இத்தனூண்டுக்கா அந்த அலறல் என்று அவருக்கே வெட்கமாகிவிட்டது. கேட்டவர்களிடமெல்லாம் ஏழு என்று சொல்லி வைத்தார்.

டாக்டர் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார், மாடிப்படி ஏறி இறங்கச் சொன்னார். குதிக்கச் சொன்னது நண்பன். தினமும் வேலை முடிந்ததும் நூலகர் குடியிருக்கும் மூன்றாவது மாடிக்கு மூச்சு வாங்க ஏறி வருவான். சட்டைப்பையில் போன். போனில் குத்துப்பாட்டு.

பாட்டு விஷயத்தில் இருவருக்கும் ஏழாம் பொருத்தம். நூலகர் வயலின் ஆள். அதிலும் வார்த்தையே இல்லாத, ஒரு சுரத்தைப் பிடித்தால் கையில் இருக்கும் டீ ஆறும்வரை விடாத வயலின். குத்துப்பாட்டைப் பற்றி அவருக்கு ஓர் உயர்ந்த கருத்து உண்டு. அந்தக் கருத்தின் வேகத்தில் ஒருநாள் நாலு பேர் முன்னால் நண்பனைத் 'தகர டப்பா ரசிகன்' என்று சொல்லிவிட்டார். நாலு பேரும் சிரித்தார்கள். அதற்கப்புறம் பல வருஷம், எங்காவது எதிரில் பட்டால் மட்டும்தான் பேச்சு. கல் வந்து அவனிடம் முதல் ஸ்கேன் எடுத்த பிறகுதான் அவன் இவர் வீட்டுக்கு வந்தான்.

முதல் நாள் வயலினுக்கே குதித்துப் பார்க்கலாம் என்று நூலகர் அடம்பிடித்தார். ஒரு குதிக்கும் அடுத்த குதிக்கும் நடுவில் ஒரு தூக்கம் போட்டு எழுந்திருக்கலாம் போலிருந்தது.

"உன் பாட்டுக்கு கல்லு தூங்கிடும்டா. அது எந்திரிச்சு வரணும்னா அடி வேணும், அடி!"

அடி விழுந்தது. படிக்கு ஒரு குதி, இரண்டு காலும் சேர்த்து. தொப்பை ஒரு தாளத்திலும் மூக்குக்கண்ணாடி இன்னொரு தாளத்திலும் குதித்தன. இரண்டாம் மாடி வீட்டம்மா கதவைத் திறந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் மூடிக்கொண்டார்.

கீழே போய்ச் சேர்ந்ததும் கடைசிப் படியில் உட்கார்ந்து ஆளுக்கொரு பாட்டில் தண்ணீர். இவர் ஒரு வயலின் போடுவார், அவன் ஒரு குத்துப் போடுவான், எது பாட்டு என்று சண்டை நடக்கும். மறுபடி ஏறுவார்கள். ஒருநாள் வயலின் முடிந்ததும் நண்பன் தலையைக் குனிந்துகொண்டு, அதையே இன்னொரு தரம் போடச் சொன்னான்.

நூலகர் பதிலுக்கு எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. கௌரவம் தடுத்தது. ஆனால் போன திங்கட்கிழமை நூலக மேஜைக்கடியில் அவர் கால் தன்னையறியாமல் குத்துப்பாட்டுத் தாளம் போட்டுக்கொண்டிருக்க, படித்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி நிமிர்ந்து அவர் தலைக்கு மேலிருந்த பலகையைக் கையால் காட்டினார்.

இந்த மாடிப்படி நின்றுபோனால்?

'பாட்டுக் கேட்க வாடா' என்று கூப்பிடலாம். மூன்றே வார்த்தை. தகர டப்பா என்று சொன்ன வாயில் அது வராது என்று அவருக்குத் தெரியும். கல் இருந்தால் கூப்பிட வேண்டியதில்லை. அவனே வந்துவிடுவான்.

நண்பன் கருவியை மேலே நகர்த்தினான், கீழே இறக்கினான், மறுபடி மேலே. போன தடவை வைத்ததும் கண்டுபிடித்தவன், இன்று நெற்றியைச் சுருக்கிக்கொண்டு தேடினான். நூலகர் அவன் சொன்னபோதெல்லாம் மூச்சைப் பிடித்தார். சொல்லாதபோதும் பிடித்தார்.

கடைசியில் அவன் திரையை அணைத்தான்.

"அப்படியே இருக்குடா. அஞ்சு மில்லிமீட்டர், அசையவே இல்ல." அவர் முகத்தைப் பார்க்காமல் துடைக்கக் காகிதத்தை நீட்டினான். "இன்னும் ஒரு மாசமாவது குதிக்கணும். ரிப்போர்ட்லாம் இப்ப எதுக்கு, அப்புறம் பாத்துக்கலாம்."

நூலகர் எழுந்து வயிற்றைத் துடைத்துக்கொண்டு, ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்தார். பைக்குள் இரண்டு விரலை விட்டுத் தடவிப் பார்த்தார்.

மடித்த காகிதம் பத்திரமாக இருந்தது. தன் பொய் பிடிபட்டால் எடுத்து நீட்டி மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று கொண்டுவந்தது. அந்த மடிப்புக்குள், பத்து நாளைக்கு முன்னால் ஒரு காலையில் கழிப்பறைப் பீங்கானில் 'டிக்' என்று விழுந்த கல்.

நண்பன் திரும்பி நின்று கருவியைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஏற்கனவே சுத்தமாக இருந்ததைத்தான் துடைத்துக்கொண்டிருந்தான்.

"சாயங்காலம் மறக்காம அந்தத் தகர டப்பாவ எடுத்துட்டு வாடா," என்றார் நூலகர். "இடது பக்கம் இப்பவே லேசா வலிக்குது."