டிக்கி விளக்கு

கொச்சங்காடி சந்தில் கார் கிளம்பவில்லை. பேட்டரி செத்துப் போயிருந்தது. எதிர் குடோன் யூசுப் தன் வேனை ஒட்டி நிறுத்தி, "கேபிள் எங்க சாமி?" என்றான்.

"டிக்கியிலதான். அதுவும் பேட்டரி இருந்தாத்தானே திறக்கும்" என்றாள் அனந்தலக்ஷ்மி.

"பின்சீட்டை மடக்கினா உள்ள போகலாம். நான் போறேன்."

"வேண்டாம், நானே போறேன்" என்று பாய்ந்தார் அவள் கணவர் பிச்சுமணி. சர்க்கரை வியாதிக்காரர். நேற்று ஸ்டெப்னிக்கு அடியில் ஒளித்து வைத்த அல்வாவை மனைவி பார்த்தால் தொலைந்தார்.

தொந்தியை எக்கிக்கொண்டு நுழைந்து, கேபிளை எடுத்து வெளியே நீட்டினார். அப்படியே அல்வா டப்பாவையும் தடவிப் பார்த்தார். காலி.

யூசுப் கேபிளை மாட்டி வண்டியைக் கிளப்பியதும், அவர் தலைக்கு மேல் டிக்கி விளக்கு பளிச்சென்று எரிந்தது.

"ஸ்விட்ச் ஆன்ல கிடக்கு. ராத்திரி முழுக்க எரிஞ்சு பேட்டரியைத் தின்னிருக்கு. யாரு போட்டது சாமி?"

அவர் போடவில்லை. மனைவியைப் பார்த்தார். கேட்டால் டப்பாவுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும்.

"எலியா இருக்கும்" என்றாள் அவள். யூசுப் போனபின் மெதுவாகச் சொன்னாள்: "அந்த எலிக்கு முந்திரி போறலையாம். அடுத்த தரம் நிறையப் போட்டதா வாங்குங்கோ."