கோழிக்கு வந்த மருந்து

மூச்சில் கிருமி இருந்தால் பல்லடத்து அந்தக் கோழிப்பண்ணையின் கதவு திறக்காது. பாவாயி ஒரு மாதமாக வாசலில் மூச்சைச் சோதிக்கும் மீட்டரின் முன்னால் மூச்சை அடக்கிக்கொண்டுதான் வேலைக்குப் போய்வந்தாள். இன்று தீவனம் போடும்போது இருமல் பிய்த்துக்கொண்டு வந்தது. கொட்டகைக்குள் இருந்த மீட்டரில் சிவப்பு விளக்கு எரிந்தது.

மேலாளர் நாச்சிமுத்து அவளை வெளியே கொண்டுவந்து நிறுத்தினார்.

"எத்தன நாளா இருமுற?"

"தூசி இருமலுங்க."

"தூசியா? நுரையீரலத் திங்கிற கிருமின்னு மீட்டர் காட்டுது. நாப்பதாயிரம் கோழியச் சாவடிக்கப் பாத்தியே. இனி இந்தப் பக்கம் வராத."

அரைமணியில் கால்நடை டாக்டர் வந்துவிட்டார். கொட்டகை முழுக்க மருந்தைப் புகையாக அடித்தார்கள்.

"ஏனுங்க டாக்டரு, இது மனுசருக்கும் கேக்குங்களா?" என்றாள் பாவாயி.

"கேக்கும். ஆனா இது கோழிக்குன்னு வந்தது. நீ ஆசுபத்திரியில பேர் குடு, ஆறு மாசத்துல கூப்பிடுவாங்க."

பாவாயி வீட்டுக்குப் போகவில்லை. கொட்டகையின் பின்புறம், உள்காற்றை வெளியே தள்ளும் பெரிய விசிறியிடம் போனாள். இறகும் தூசியும் மருந்துப் புகையோடு பறக்க, கூட வேலை செய்யும் மூன்று பெண்கள் அங்கே ஏற்கெனவே வாயைத் திறந்தபடி நின்றிருந்தார்கள்.

ஒருத்தி நகர்ந்து இடம் விட்டாள்.

"இப்படி வாக்கா. இந்தப் பக்கந்தான் நல்லா வருது."