நிறைகுடம்

உத்தமபாளையத்திலிருந்து டெம்போ கிளம்பியதிலிருந்தே சூரியபிரகாஷுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு கையில் மீன்கள் நீந்தும் கவர்; மடியில் துணியால் வாய் கட்டிய குடம்.

“பாத்துப் போங்கண்ணே, தண்ணி தளும்புது.”

பக்கத்திலிருந்த மாமியார் சந்தனம்மாளுக்கு மனம் குளிர்ந்தது. சாங்கியம் எதையும் மதிக்காத மாப்பிள்ளை, புது வீட்டுக்கு நிறைகுடமல்லவா சுமந்து வருகிறார்!

தேனியில் இறங்கியதும் குடத்தை அவளே வாங்கிப் பொட்டு வைத்து உள்ளே கொண்டுபோனாள். பால் பொங்கியது. சம்பந்திக்கு முதல் காப்பி கொடுத்தாள்.

மீன்தொட்டியை இறக்கி வைத்துவிட்டு சூரியபிரகாஷ் ஓடி வந்தான். “அத்தை, குடம் எங்க?”

“மொதக் காப்பி அதுலதான் மாப்ள. மிச்சத்தை வீடு பூராத் தெளிச்சாச்சு.”

அவன் கவரைப் பார்த்தான். “அது தொட்டித் தண்ணி அத்தை. பழைய தண்ணி இல்லாட்டி மீனு செத்துரும்.”

கூடத்திலிருந்து சம்பந்தி டம்ளரை நீட்டினார்.

“இன்னுங் கொஞ்சம் ஊத்து தங்கச்சி. தேனித் தண்ணிக்குத் தனி ருசிதான்.”