இடுப்பில் கோடு போட்ட ஏழு

கில்வார்னா ஓட்டுப் பெட்டியைக் காலை பத்தே காலுக்குத் திறந்து மேசையில் கொட்டினார்கள்.

எங்கள் ஊர்ப் பெட்டி. கம்பித் தடுப்பில் வயிற்றை அழுத்திக்கொண்டு நின்றேன்.

அலுவலர்கள் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து வைப்பார்கள். எங்கள் நாட்டில் வேட்பாளர்களுக்குப் பிடித்த வரிசையில் 1, 2, 3 என்று எண் போடுவதுதான் ஓட்டு. யார் பெயருக்கு நேரே 1 போட்டிருக்கிறது என்று தடுப்புக்கு இந்தப்புறம் நின்று பார்த்து நான் சொல்ல வேண்டும். பக்கத்தில் நிற்கும் கன்செப்டா ஓட்டுக்கு ஒரு கோடாகத் தாளில் இழுக்க வேண்டும். கன்செப்டா எதிர்க்கட்சி, வேட்பாளர் டியர்னியின் ஆள். அதனால் என்ன, நான் குடிக்கும் தேநீர் அவள் பிளாஸ்கிலிருந்துதான். அதிகாரிகள் முடிவை அறிவிக்க நாளை ஆனாலும் ஆகும். நாங்கள் மத்தியானத்துக்குள் சொல்லிவிடுவோம்.

நான் அதற்கும் முன்னாலேயே சொல்லிவிடுகிறவன்.

போன இலையுதிர் காலத்திலேயே ஃபின்டனிடம் சொல்லிவிட்டேன். "நம்ம ஊர்ல உனக்கு நூத்தி நாப்பத்தொண்ணு. எம்.பி. ஆகப்போற, டப்ளினுக்கு மூட்டையைக் கட்டு."

என் பேச்சை நம்பித்தான் அவன் தலைமையாசிரியர் வேலையை விட்டான். முப்பது வருஷச் சிநேகிதன். இந்தப் பெட்டியில் நூற்று முப்பதுக்குக் கீழே போனால் அவனும் காலி, என் மானமும் காலி.

வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. இரண்டு வருஷமாகச் செவ்வாயும் வியாழனும் மாலை ஆறரைக்குக் கிளம்பி, மழையோ சேறோ, ஒவ்வொரு கதவாகத் தட்டி, ஒரு தடவை நாய்க்கடியும் வாங்கி, நோட்டில் எழுதியது. ஃபின்டன் கூட வரமாட்டான். அவனுக்கு ஏழு மணிக்குக் கூட்டம் இருக்கும். எப்போது கேட்டாலும் ஏழு மணிக்குக் கூட்டம்.

"ஃபின்டன்... ஃபின்டன்... டியர்னி... ஃபின்டன்..."

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போது அந்தச் சீட்டு வந்தது.

ஏழு வேட்பாளர்களுக்கும் ஒன்று விடாமல் எண் போட்டிருந்தது. டியர்னிக்கு 1. ஃபின்டனுக்கு 7, கடைசி இடம். அந்த ஏழின் இடுப்பில் குறுக்கே ஒரு கோடு.

எங்கள் ஊரில் யாரும் ஏழுக்குக் கோடு போடுவதில்லை. ஓர்லா ஒருத்திதான் போடுவாள். கல்யாணத்துக்கு முன் எட்டு வருஷம் ஜெர்மனியில் மருந்துக்கடையில் வேலை பார்த்தவள், அங்கே தொற்றிய பழக்கம். 'சூப் அடுப்பில் இருக்கிறது, 7 மணிக்கு வருகிறேன்' என்று அடுப்படியில் ஒட்டிவைக்கும் துண்டுச் சீட்டுகளில் பார்த்துப் பார்த்து எனக்குப் பழகிவிட்டது.

ஓர்லா என் மனைவி.

"என்ன மாலக்கி, கண்ணு தெரியலையா? யாருக்குன்னு சொல்லுங்க" என்றாள் கன்செப்டா.

"டியர்னி" என்றேன்.

ஓர்லாவுக்கு ஃபின்டனைக் கண்டால் ஆகாது, அது எனக்குத் தெரியும். இந்த ஒரு வருஷமாக அவன் பெயரை எடுத்தாலே எழுந்து மாடிக்குப் போய்விடுகிறாள். அவனும் எங்கள் வீட்டுக்குள் கால் வைத்ததில்லை, வாசலில் நின்று ஹாரன் அடித்து என்னைக் கூப்பிடுவதோடு சரி. இருக்கட்டும். பிடிக்காவிட்டால் இரண்டாவது இடம் கொடு, மூன்றாவது கொடு. ஏழாவதா? ஊரெல்லாம் அலைந்து நான் ஓட்டுச் சேர்க்க, வீட்டுக்குள் இருந்துகொண்டே காலை வாரிவிட்டாளே! நேற்று வாக்குச்சாவடி வாசலில் "போட்டாச்சா?" என்று கேட்டதற்கு, "எல்லாருக்கும் போட்டாச்சு" என்று சிரித்தாள் வேறு.

பெட்டி முடிந்தது. கன்செப்டா ஒருமுறை கூட்டிவிட்டு, நம்பாமல் மறுபடி கூட்டினாள்.

"நூத்தி நாப்பது! ஒண்ணே ஒண்ணுதான் குறையுது. நீங்க மனுஷனா, பேயா?"

ஃபின்டனின் ஆட்கள் விசிலடித்தார்கள். அவன் ஓடி வந்து, நனைந்த மழைக்கோட்டோடு என்னைக் கட்டிக்கொண்டான்.

"எல்லாம் உன்னாலதான்டா! ஆமா, அந்த ஒண்ணு எவன்டா?"

சொல்லியிருக்க மாட்டேன். என்ன இருந்தாலும் என் பெண்டாட்டி, அவள் ஓட்டை நானே ஊர் வாயில் போடுவேனா? ஆனால் மனசு ஆறவில்லை. பெயரை விட்டுவிட்டு மிச்சத்தைச் சொன்னேன்.

"யாருன்னு தெரியல. உனக்குக் கடைசி இடம் குடுத்திருக்காங்க. ஏழுக்கு நடுவுல கோடு வேற."

என் தோளிலிருந்து அவன் கை நழுவியது. முகம் வெளுத்துப்போனது.

"ஓர்லாவா?" என்றான்.

சொன்ன பிறகுதான் அது அவன் காதிலேயே விழுந்தது போல. தலையைக் குனிந்து மழைக்கோட்டின் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றான்.

அந்தக் கோடு இவனுக்கு எப்படித் தெரியும்? ஓர்லா வெளியாள் யாருக்கும் ஒரு வரி எழுதி நான் பார்த்ததில்லை. செவ்வாயும் வியாழனும் ஆறரைக்கு நான் கிளம்பிவிடுவேன். ஏழு மணிக்கு அவனுக்குக் கூட்டம்.

அடுத்த பெட்டியைத் திறக்கிறார்கள் என்று கன்செப்டா கூப்பிட்டாள். நான் நோட்டைப் பிரித்து எங்கள் தெருவுக்கு வந்தேன். என் வீட்டுக்கு நேரே, 'இரண்டு ஓட்டு, உறுதி' என்று எழுதியிருந்தேன்.

எங்கள் ஊரில் நான் கேட்காமல் எழுதிய வீடு அது ஒன்றுதான்.