தனி அடுப்பு

"புருஷனைப் பெத்தவளைத் தனியாப் பொங்க வெச்சிட்டு, உள்ள ஃபேனுக்கு அடியில உக்காந்துக்கினு இருக்கியா? வெளிய வாம்மா!"

சேதி கேட்ட கையோடு தாமலில் இருந்து பஸ் பிடித்து வந்த ராஜகோபால், செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

பிள்ளையார்பாளையத்துத் தெருவில் அப்போதுதான் தறியில் ஏற்றப்போகும் பட்டு நூல் பாவை நீளமாக இழுத்துக் கட்டியிருந்தார்கள். இரண்டு பக்கமும் ஆட்கள். பாவைப் பிடித்தவர்கள் கையை விட முடியாது. காதை யார் பிடித்து வைப்பது?

ராஜகோபாலின் அக்கா லோகாம்பாளின் மருமகள் கலையரசி வாசலுக்கு வந்தாள்.

"வாங்க மாமா. தண்ணி குடிக்கிறீங்களா?"

"தண்ணி கெடக்கட்டும். எங்க அக்கா எங்க?"

அவள் கையைக் காட்டினாள். வீட்டை ஒட்டித் தகரம் அடித்து மறைத்த இடம். ஒற்றை அடுப்பு, ஒரு குண்டான், ஒரே ஒரு தட்டு. லோகாம்பாள் உட்கார்ந்து அரிசி களைந்துகொண்டிருந்தாள். நடு நடுவே மூச்சு வாங்கியது, நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

தம்பிகளை எல்லாம் இடுப்பில் தூக்கி வளர்த்த அக்கா. ராஜகோபாலுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஏன்க்கா, எனக்கு ஒரு போன் போடக் கூடாதா?"

லோகாம்பாள் நிமிரவில்லை. "நீ ஏன்டா வந்தே? போ, வெயில் ஏறுது."

"பாத்தியா, எப்படி பயந்து சாவுது!" கலையரசி பக்கம் திரும்பினார். "வால்வு கெட்டுப்போச்சி, சீக்கிரம் ஆபரேஷன் பண்ணணும்னு டாக்டர் சொன்னாரு இல்ல? அதுக்கு வழி பண்ணாம தகரம் அடிச்சிக் குடுத்தியா? எங்க உன் புருஷன்?"

"கம்பெனிக்குப் போயிருக்காரு."

"போவான், நல்லாப் போவான்! சம்பளம் ஏறிச்சின்னு ஊரெல்லாம் லட்டு குடுத்தானே பாண்டியன், பெத்த தாய்க்கு ஒரு வாய் சோறு போட வக்கு இல்லையா?"

பாவுக்கு அந்தப் பக்கமிருந்து எதிர்வீட்டு முனிரத்தினம் குரல் கொடுத்தார். "கேளு ராஜகோபாலு, நல்லாக் கேளு! மாமியார் பேரை ரேஷன் கார்டுல இருந்தே தூக்கிடுச்சிபா இந்தப் பொண்ணு!"

"கார்டுல இருந்தா?"

"ஆமா மாமா." கலையரசி குரலில் நடுக்கமே இல்லை. "நான்தான் எழுதிக் குடுத்தேன். இனிமே அவங்க தனி, நாங்க தனி. அவ்ளோ அக்கறை இருந்தா அக்காவை நீங்க கூட்டிக்கினு போங்க."

ராஜகோபால் தொண்டையைச் செருமினார்.

"கூட்டிக்கினு... போவாம? இப்போ எம் பொண்ணு பிரசவத்துக்கு வந்திருக்குது. இல்லாட்டி..."

பாவுக்குப் பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அது அவரை இன்னும் சூடேற்றியது.

அந்த நேரம் பார்த்து, கைப்பையோடு ஒருவர் குனிந்து பாவைக் கடந்து வந்தார். "லோகாம்பாள் யாரு? தனி ரேஷன் கார்டு கேட்டது?"

விசாரணைக்கு வந்த அதிகாரி. நேராகத் தகர மறைப்புக்குள் போனார். குண்டானைத் தூக்கிப் பார்த்தார். அடுப்பை விரலால் தடவிப் பார்த்தார்.

"அடுப்பு புத்தம்புதுசா இருக்குதேம்மா. இந்த மாதிரி தகரம் நிறைய பாத்துட்டேன் நான். வந்து பாக்கற வரைக்கும் தனி அடுப்பு, நான் தெரு முனை தாண்டினா ஒண்ணாச் சாப்பாடு. நெஜமாவே தனியாத்தான் இருக்கீங்களா?"

லோகாம்பாள் மருமகளைப் பார்த்தாள். கலையரசியின் முகம் வெளுத்தது.

ராஜகோபாலுக்குப் பொறுக்கவில்லை.

"நெஜமாவான்னா கேக்கறீங்க? வேலை வெட்டியை விட்டுட்டு நான் சண்டைக்கு வந்து நிக்கறேன், கண்ணு தெரியலையா சார்? நெஞ்சு வலிக்காரியைத் தனியாப் பொங்க வெச்ச வூடு சார் இது! இதோ தெருவே சாட்சி. நல்லா எழுதுங்க!"

"ஆமா சார், எழுதுங்க!" என்றது தெரு.

அவருடைய ஈரமான கண்ணை அதிகாரி பார்த்தார். பெருமூச்சு விட்டார். கையிலிருந்த போனில் எதையோ தட்டினார்.

"கார்டு வந்துடுமா சார்?" கலையரசி மெல்லக் கேட்டாள்.

"வரும். அதுலயே குறியா இரு! நாளைக்கு நீயும் மாமியார் ஆவம்மா, மறந்துடாத."

அவர் தலை மறைந்ததும் கலையரசி இரண்டு பேரையும் உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். சாத்தியதுதான் தாமதம், லோகாம்பாள் மருமகளைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

"என்னாக்கா இது?" ராஜகோபால் திகைத்துப்போனார்.

"ஒரே கார்டுல இருந்தா பாண்டியன் சம்பளமும் என் கணக்குல சேருதுடா. வருமான வரம்பைத் தாண்டிட்டீங்க, கவர்மென்ட் காப்பீட்டு அட்டை கிடையாதுன்னுட்டாங்க. வரம்பை ஏத்தப் போறாங்கன்னு பேசிக்கிறாங்க. அவங்க ஏத்தறவரைக்கும் என் மூச்சு தாங்கணுமே! தனி கார்டுன்னா நான் வருமானம் இல்லாதவ. ஆபரேஷன் காப்பீட்டுலயே முடிஞ்சிடும்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொல்லியிருந்தா? 'எங்க அக்கா வூட்ல பிரிவினையா? அந்தப் பேச்சே கெடையாது'ன்னு விசாரிக்க வந்த ஆளுகிட்டயே மீசையை முறுக்கியிருப்ப. உன்னைத் தெரியாதா எனக்கு?"

ராஜகோபால் மருமகளை நிமிர்ந்து பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தார்.

"அதுக்காக... தெருவே உன்னைக் காறித் துப்புதேம்மா."

கலையரசி அவருக்கும் அத்தைக்கும் பக்கத்தில் பக்கத்தில் தட்டை வைத்தாள்.

"துப்பட்டும் மாமா. அவங்களுக்குப் பதில் சொல்ல அத்தை உயிரோட இருக்கணும் இல்ல?"