நான்கு பிரதிகள்

நாத்தனார் அகொசிதா கையை உயர்த்தினாள். அவள் ஊர்ப் பாடகர் குழு வாயைத் திறந்தது.

முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. அது என் பாட்டு.

தொடர்ந்து மூன்றாவது வருடம்.

திருச்சபைகளின் ஆண்டு மாநாட்டுக்கு ஒவ்வோர் ஊரும் புதுப் பாட்டோடு வர வேண்டும். எங்கள் ஊருக்கு நான்தான் எழுதுகிறேன், நான்தான் நடத்துகிறேன். பட்டியலில் அகொசிதாவின் ஊர் எங்களுக்கு முன்னால் வரும். அவர்கள் பாடி முடித்தபிறகு நாங்கள் எழுந்து அதையே பாடினால் திருடி யார்? நான்தான். போன வருடம் யாரோ என் காதுபடவே சிரித்தார்கள்.

அதனால் இந்த முறை பொறி வைத்தேன்.

டோங்காவில் நாங்கள் பாட்டை எண்களில்தான் எழுதுவோம். மூன்றில் தொடங்கி ஒன்பதில் முடியும். ஏழு எண், ஏழு சுரம். என் குழுவில் நான்கு குரல் வகை, நான்கு தலைவர்கள். பாட்டு என் கையை விட்டுப் போனால் முதலில் அந்த நால்வர் கைக்குத்தான் போகும்.

ஆளுக்கொரு பிரதி எழுதிக் கொடுத்தேன். இரண்டாம் சரணத்தில் 'கரை' என்ற சொல்லுக்கு எட்டு வர வேண்டும். ஒருவருக்கு ஐந்து என்று எழுதினேன், ஒருவருக்கு ஆறு. ஒருத்திக்கு ஏழு, இன்னொருத்திக்கு ஒன்பது. நான்குமே காதுக்கு இதமாகத்தான் இருக்கும். அபசுரமாக இருந்தால் அகொசிதாவே திருத்திவிடுவாள். அவள் காது அப்படி.

பிறகு நேரமில்லை என்று சாக்குச் சொல்லி, குழுவை ஒரு பழைய பாட்டுக்குப் பழக்கினேன்.

புழுவைக் குத்தினால் பொடி மீன்தான் வரும். அதனால் என் ஆயுளிலேயே நல்ல பாட்டைத் தூண்டிலில் குத்தினேன். அதைச் சொல்லும்போது இப்போதும் வயிறு எரிகிறது.

முதல் சரணம் முடிந்தது. பின்வரிசையில் ஒரு கிழவர் "மாலியே!" என்று கத்தினார். இங்கே நல்ல பாட்டுக்கு அப்படித்தான் கத்துவோம். எனக்கு விழ வேண்டிய கத்தல் அது.

நான் கட்டைக்குரல் தலைவன் மொத்துலிகியைப் பார்த்தேன். அவன் மனைவி அகொசிதாவின் ஊர்க்காரி. ஒரு வருடமாக அவன் முகத்தைப் பார்த்து நான் நல்ல வார்த்தை ஒன்று பேசியதில்லை. அவன்தான் என்று என் கணவர் செமிசியிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அவரும் உம் கொட்டுவார்.

அவனுக்குக் கொடுத்தது ஐந்து. ஐந்து கேட்டதும், ஆராதனை முடிவதற்குள் அவனைக் குழுவைவிட்டு நீக்குவதாகப் போதகரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டேன்.

இரண்டாம் சரணம்.

படகு வந்தது. அலை வந்தது. என் கைகள் விசிறியை இறுக்கிக்கொண்டன.

கரை.

எட்டு.

எண்பது பேர் சேர்ந்து பாடிய சுத்தமான எட்டு.

ஐந்து இல்லை. ஆறு, ஏழு, ஒன்பது எதுவும் இல்லை. என் நால்வரும் நல்லவர்கள். மொத்துலிகி பாவம், எதுவும் தெரியாமல் தலையாட்டி ரசித்துக்கொண்டிருந்தான்.

எட்டு என்று எழுதிய தாள் உலகத்திலேயே ஒன்றுதான். முதலில் எழுதிய தாள். அது என் தலையணை உறைக்குள் இருக்கிறது. பிள்ளைகள் நியூசிலாந்துக்குப் போனபிறகு வீட்டில் நாங்கள் இரண்டே பேர்.

மெல்லத் திரும்பி, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தேன்.

செமிசிக்குப் பாட வராது. குழுவிலும் இல்லை. இந்தப் பாட்டை நான் அவருக்குக் காட்டவும் இல்லை. மூன்றாம் சரணம் இன்னும் தொடங்கவில்லை. அவர் உதடுகள் அதற்குள் தொடங்கிவிட்டன.

பொறியைப் பற்றி அவரிடம் சொல்லாமல் விட்டது சந்தேகத்தால் அல்ல. விஷயம் முடிந்தபிறகு சொல்லி, இருவரும் சேர்ந்து சிரிக்கலாம் என்றுதான்.

மொத்துலிகியாக இருந்திருந்தால் வெட்டி எறிந்திருப்பேன். முப்பத்தொரு வருடம் ஒரே பாயில் படுத்தவரை என்ன செய்வது? கோபம்கூட ஒழுங்காக வரவில்லை. அசிங்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

பிறகு அகொசிதாவின் முதுகைப் பார்த்தேன். கொஞ்சம் மூச்சு வந்தது.

அவள் அவருக்கு அக்கா. எங்கள் பக்கத்தில் உடன்பிறந்தவள் கேட்டால் ஆண்பிள்ளை வாய் திறக்க முடியாது. பன்றியைக் கேட்டால் பன்றி, பாயைக் கேட்டால் பாய். எங்கள் கல்யாணத்துக்கு வந்த சீரில் முதல் பங்கு அவள் வீட்டுக்குத்தான் போனது. கேட்டிருப்பாள். கேட்டால் அந்த மனுஷன் என்ன செய்வார்? ஊரில் யாரும் அவரைக் குறை சொல்ல மாட்டார்கள். நானும் சொல்லக் கூடாது.

அவர் பக்கம் சாய்ந்தேன்.

"உங்க அக்கா கேட்டாங்களா?"

அவர் உதடு நின்றது.

"ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. இதோட விட்டுடறேன். இனிமே இதப் பத்திப் பேசவே மாட்டேன், சத்தியமா."

மூன்றாம் சரணம் மேலே ஏறியது. சபை முழுக்க எழுந்து நின்றுவிட்டது. நாங்கள் இருவர் மட்டும் உட்கார்ந்திருந்தோம்.

செமிசி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"உன் பாட்ட நான் பொறந்த ஊர்க் குரல்ல கேக்கணும்னு இருந்துச்சு, லவீனியா," என்றார். "அக்கா கேக்கவே இல்ல. 'பாவம்டா, அவ பாட்டுடா, வேண்டாம்'னுதான் சொன்னாங்க. மூணு தடவையும்."